முட்டையைக் காதில் வைத்துக் கேட்டதுண்டா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் கடிதப் பையைக் கவிழ்த்தால் முட்டையும் குஞ்சுமாகத்தான் கொட்டுகிறது. நம் ஆட்கள் வீட்டுக் கொல்லையில் எல்லாம் ஒரே நேரத்தில் கோழி அவயத்துக்கு உட்கார்ந்துவிட்டது போலிருக்கிறது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பேராசிரியர் இல்லை. ரங்கூனில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் 31 வருடம் உதவியாளராக இருந்தவன். தவளையை மெழுகுத் தட்டில் ஊசி குத்தி வைப்பது, பாட்டில்களுக்குப் பார்மலின் மாற்றுவது, பையன்கள் உடைத்த கண்ணாடித் தகட்டுக்குக் கணக்கு எழுதுவது, இதுதான் வேலை. ஆனால் வகுப்பு கலைந்த பிறகும் கூடத்தில் இருக்கிறவன் உதவியாளன்தான். அதனால் பார்த்தது கொஞ்சம் அதிகம்.

கேள்வி: ஐயா, எங்கள் வாத்து முட்டை போடுமே தவிர அடை உட்காராது. அதன் முட்டை ஐந்தைப் பெட்டைக்கோழிக்குக் கீழே வைத்தேன். நாலு பொரித்தது. இப்போது அவை குட்டையில் இறங்கி நீந்துகின்றன. கோழி கரையில் நின்று தொண்டை கிழியக் கத்துகிறது. பார்க்கப் பாவமாக இருக்கிறது. குஞ்சுகளுக்குத் தாய் யார் என்று தெரியவே தெரியாதா? (வாசகி, சிரியம்)

பதில்: கோழி பாவம்தான் அம்மா, மறுக்கவில்லை. 21 நாளில் எழுந்திருக்க வேண்டியவள், உங்கள் வாத்து முட்டைக்காக 28 நாள் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வாரம் கூடுதல் வேலை. கிடைத்த கூலி இந்தக் கவலை.

ஆனால் தாய் யார் என்று குஞ்சுகளுக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். இருட்டுகிற நேரத்தில் நாலும் யாருடைய இறக்கைக்குள் நுழைகின்றன என்று ஒரு நாள் நின்று பாருங்கள். பொரித்த முதல் நாளுக்குள்ளேயே, கண்ணெதிரே நகர்ந்து குரல் கொடுக்கிற உருவத்தை வாத்துக்குஞ்சு பிடித்துக்கொள்ளும். பிறகு சுலபத்தில் விடாது. ஆஸ்திரியாவின் கொன்ராட் லோரன்ஸ் இதைப் பற்றி 1935-இல் விரிவாக எழுதினார். பொரித்தவுடன் அவரைப் பார்த்த காட்டு வாத்துக் குஞ்சுகள் அவர் பின்னாலேயே வரிசையாக நடந்தன. 1973-இல் நோபல் பரிசு வாங்கிய மூவரில் அவரும் ஒருவர். உங்கள் குஞ்சுகள் முதலில் பார்த்தது கோழியை. அவ்வளவுதான், அவள்தான் அம்மா.

அப்படியானால் தண்ணீருக்கு ஏன் போகின்றன? 'மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா' என்று ஒரு பழமொழியைப் போட்டு இந்த இடத்தில் கடையை மூடிவிடலாம். எல்லாம் ரத்தத்தில் வருவது என்று நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜவ்வுக் கால் ரத்தத்தில் வருகிறது, சரி. தண்ணீரைக் கண்டதும் இறங்குகிற துணிச்சலும் வருகிறது. ஆனால் ரத்தத்தில் வருகிறது என்று நாம் நினைக்கிற சில காரியங்கள் முட்டைக்குள்ளேயே படித்துக்கொண்டு வந்த பாடம்.

அமெரிக்காவில் கில்பர்ட் காட்லீப் என்று ஒருவர் இருந்தார். வாழ்நாளில் பெரும்பகுதியை வாத்து முட்டைக்கே கொடுத்தவர். இன்குபேட்டரில் பொரித்து, தாயின் குரலையே கேட்டிராத வாத்துக்குஞ்சை எடுத்துக்கொண்டார். ஒரு பக்கம் தாய் வாத்தின் அழைப்பையும் இன்னொரு பக்கம் பெட்டைக்கோழியின் அழைப்பையும் ஒலிக்கவிட்டார். குஞ்சு நேரே வாத்துக் குரலுக்குப் போனது. ஆகா, பிறவி அறிவு என்று எல்லோரும் சொல்லுவோம். அவருக்கு அதில் திருப்தி வரவில்லை. முட்டைக்குள் இருக்கும்போதே குஞ்சு கத்துகிறதே, தன் குரலைத் தானே கேட்கிறதே, அதற்கு ஏதாவது வேலை இருக்குமோ என்று யோசித்தார். பொரிப்பதற்கு முன்பே முட்டை ஓட்டைத் திறந்து, குரல் எழுப்பும் சவ்வில் மருந்துப் பசை தடவிக் குஞ்சைத் தற்காலிகமாக ஊமையாக்கினார். மற்ற முட்டைகளின் சத்தமும் கேட்காதபடி தனியாக வைத்தார். அந்தக் குஞ்சுகள் வெளியே வந்தபோது வாத்தின் அழைப்பும் கோழியின் அழைப்பும் அவற்றுக்கு ஒன்றாகவே பட்டன. எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. தனியாக வைத்தும் ஊமையாக்காத குஞ்சுகளோ வழக்கம்போல வாத்துக் குரலுக்கே போயின. முட்டைக்குள் தன் கீச்சுக்குரலைத் தானே கேட்டதுதான், வெளியே வந்து அம்மாவின் குரலைப் பிரித்தறிய அவற்றைத் தயார் செய்திருக்கிறது.

உங்கள் கோழிக்குக் கீழே இருந்த நாலும் ஊமை இல்லை. உள்ளேயே வாத்துப் பேச்சுக்குக் காதைப் பழக்கிக்கொண்டுதான் வந்திருக்கும். வெளியே வந்தால் கூப்பிடுவது கோழி! அம்மா தமிழில் பேசுவாள் என்று காத்திருந்த பிள்ளைக்குப் பர்மியம் பேசும் வளர்ப்புத்தாய் வாய்த்த மாதிரி. இருந்தாலும் பின்னால் போயின பாருங்கள்.

முட்டை பேசுமா என்று கேட்பீர்கள். பேசும். நான் கேட்டிருக்கிறேன். ஒரு வருடம் கூடத்து அடைப்பெட்டியில் வாத்து முட்டைகள் இருந்தன. 26-ஆம் நாள் என்று நினைவு. காவலாளி விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார். பெட்டி பக்கத்திலிருந்து 'டிக், டிக்' என்று சத்தம். கடிகாரம் அந்த அறையில் கிடையாது. பல்லியோ என்று தேடிவிட்டுக் கடைசியில் ஒரு முட்டையை எடுத்துக் காதோடு வைத்தேன். ஓட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ நகத்தால் தட்டுகிற மாதிரி. இரண்டு தட்டு, ஒரு சின்ன 'ப்பீ', பிறகு மூன்று தட்டு. முட்டை வெதுவெதுப்பாகக் கன்னத்தில் பட்டுக்கொண்டிருந்தது. நான் 'ம்ம்' என்றேன். மெய்யாகவே சொல்கிறேன், உள்ளே சத்தம் நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி டிக்.

முட்டையின் மழுங்கிய பக்கம் காற்றறை இருக்கிறதல்லவா, அந்தச் சவ்வை அலகால் குத்திக்கொண்டு குஞ்சு முதல் மூச்சு விடும் கட்டம் அது. அந்த டிக் டிக் மூச்சோடு சேர்ந்து வருகிற சத்தம். கேம்பிரிட்ஜில் மார்கரெட் வின்ஸ் என்ற அம்மையார் 1960-களில் காடை முட்டைகளை வைத்து இதைத் துருவினார். ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் வைத்த முட்டைகள் எல்லாம் சில மணி நேரத்துக்குள் சேர்ந்து பொரித்தன. தள்ளித் தள்ளி வைத்தால் முன்னே பின்னே ஆயின. பக்கத்து முட்டையின் டிக் கேட்டுப் பின்தங்கியது வேகம் எடுக்கிறது. காடைத் தாய் குஞ்சுகளை உடனே கூட்டிக்கொண்டு நடக்க வேண்டியவள். ஒன்று நாளைக்கு வருகிறேன் என்றால் நிற்க மாட்டாள்.

அதனால் அடுத்த தடவை முட்டை வைக்கும்போது இடைவெளி விடாமல் ஒட்டி வையுங்கள். குஞ்சு பொரித்த முதல் சில நாள் ரொம்ப நேரம் தண்ணீரில் ஊற விடாதீர்கள், விறைத்துவிடும். கோழி கத்துவதற்கு என்னிடம் மருந்து இல்லை. ஒரு வாரத்தில் பழகிக்கொள்வாள்.

கேள்வி: அண்ணே, இன்குபேட்டரில் 40 முட்டை வைத்தேன். ஒன்பதாம் நாள் கரண்ட் போய் நாலு மணி நேரம் வரவில்லை. எல்லாம் கூமுட்டையாகி இருக்குமா? அப்புறம், கூர் முட்டையில் சேவல் வரும் என்று பாட்டி சொல்கிறார். சூட்டைக் கொஞ்சம் ஏற்றினால் சேவல் அதிகம் வரும் என்று மாமா சொல்கிறார். யார் பேச்சைக் கேட்க? (கம்பை, ரங்கூன்)

பதில்: தம்பி, முதலில் எதையும் தூக்கி எறியாதே. தாய்க்கோழியும் தினம் ஒரு தடவை எழுந்து இரை பொறுக்கப் போகிறவள்தானே. முட்டை ஆறுவதை ஓரளவு தாங்கும். நம் ஊர் வெயிலில் அறையே 30 டிகிரிக்கு மேல் இருக்கும்போது முட்டை மெதுவாகத்தான் ஆறும். கரண்ட் போனால் மூடியைத் திறந்து திறந்து பார்க்காமல், மேலே ஒரு கம்பளியைப் போட்டு விட்டுவிடு. ராத்திரி டார்ச்சை முட்டையின் மழுங்கிய பக்கம் வைத்துப் பார். சிலந்தி கால் விரித்த மாதிரி ரத்தக் குழாய்கள் தெரிந்து, நடுவில் கறுப்பாக ஒன்று துள்ளினால் உயிர் இருக்கிறது.

நீ பயப்பட வேண்டியது கரண்ட் வந்த பிறகு. சூடு 37.5-இல் நிற்க வேண்டும். குறைவது முட்டைக்குத் தொல்லை, கூடுவது கொலை. ஒரு வருடம் எங்கள் கூடத்தில் தெர்மோஸ்டாட் மாட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூட்டிவிட்டுத் திங்கட்கிழமை திறந்தேன். வெப்பமானியில் 43. இரண்டு டஜன் முட்டை, இரண்டு டஜன் சாவு. அன்று மதியம் வீட்டில் முட்டைக் குழம்பு வைத்திருந்தார்கள். சாப்பிட முடியவில்லை.

பாட்டிக்கு வருவோம். இந்தக் கூர் முட்டைக் கதை 2,300 வருடப் பழசு. அரிஸ்டாட்டிலும் எழுதியிருக்கிறார், ஆனால் தலைகீழாக: கூர் முட்டை பெட்டை, உருண்டை முட்டை சேவல் என்று. இரண்டும் சரியில்லை. கோழியில் குஞ்சு ஆணா பெண்ணா என்பது தாயிடமிருந்து வருகிற குரோமோசோமில் முட்டை இடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. ஓட்டின் வடிவத்துக்கு அதில் பங்கே இல்லை. ஆனால் கிரேக்கரைச் சும்மா சொல்லக் கூடாது. நாளுக்கு ஒரு முட்டையாக உடைத்துப் பார்த்து, மூன்றாம் நாள் இதயம் ஒரு ரத்தப் பொட்டாகத் துடிக்கிறது என்று எழுதியவரும் அவர்தான்.

அந்தப் பொட்டை நான் எத்தனையோ தடவை பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். மூன்று நாள் முட்டையை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் மெதுவாக உடைத்து விட்டால், மஞ்சளின் மேல் கமா போட்ட மாதிரி ஒரு கரு, அதன் வளைவில் கடுகளவு சிவப்பு, துடித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் ஆற ஆறத் துடிப்பு தளர்ந்து நின்றுவிடும். 'செத்துப் போச்சு சார்' என்று யாராவது ஒரு பெண் கண் கலங்குவாள். துளிசொட்டியில் வெந்நீர் கலந்த உப்புத் தண்ணீரை எடுத்து இரண்டு சொட்டு விடுவேன். தயங்கித் தயங்கி மறுபடி ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் கூடத்தில் ஒரு சத்தம் இருக்காது.

மாமா சொன்னது கோழிக்குப் பொய், முதலைக்கு மெய். போகலே பக்கம் மெய்ன்மஹ்லாத் தீவில் இருக்கிற உவர்நீர் முதலை மண்ணும் தழையும் குவித்து முட்டையிடும். குவியலுக்குள் சூடு 32 டிகிரியை ஒட்டி இருந்தால் பெரும்பாலும் ஆண். அதைவிடக் குளிர்ந்தாலும் சூடேறினாலும் பெண்கள் அதிகம். முட்டையின் சூடு ஆண் பெண்ணைத் தீர்மானிக்கும் என்பதை முதன்முதலில் 1966-இல் எழுதியவர் மதலேன் ஷார்னியே என்ற பிரெஞ்சு அம்மையார். ஆப்பிரிக்காவில், டக்காரில், நம் ஓணானுக்கு உறவான ஒரு பல்லியின் முட்டையில் கண்டுபிடித்தார். மாமா முதலைப் பண்ணை வைக்கப் போகிறார் என்றால் சொல்லு, பேசலாம்.

கேள்வி: போன இதழில் தௌக்தே என்கிற பெரிய பல்லியின் பாதத்தில் 'ஒருவிதப் பசை' என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டு உத்தரத்தில் ஒன்று இருக்கிறது. அது நடந்த கண்ணாடியில் ஈரமோ பிசுக்கோ இல்லையே? (தட்டோன்)

பதில்: பிடித்துவிட்டீர்கள். எழுதியது தப்பு. பசை இல்லை, உறிஞ்சுவதும் இல்லை. ஒவ்வொரு பாதத்திலும் சுமார் 5 லட்சம் மயிரிழைகள். ஒவ்வொரு இழையின் நுனியும் நூற்றுக்கணக்கில் பிரிந்து கரண்டி மாதிரி தட்டையாக முடியும். நுனிகள் சுவரை அவ்வளவு நெருங்கி ஒட்டுவதால், மூலக்கூறுக்கும் மூலக்கூறுக்கும் நடுவில் உள்ள மிக மெல்லிய ஈர்ப்பே போதும், பல்லியைத் தாங்க. கெல்லர் ஆட்டம் குழுவினர் 2000-இல் ஒற்றை இழையைப் பிரித்தெடுத்து அதன் பிடியை அளந்தார்கள். அளந்தது இந்தத் தௌக்தே இனத்தையேதான். காலைப் பிய்த்து எடுக்க அது கஷ்டப்படுவதும் இல்லை. விரலை நுனியிலிருந்து சுருட்டி இழையின் சாய்வை மாற்றினால் தானாக விட்டுவிடும். தௌக்தே எத்தனை தடவை கத்துகிறது என்று எண்ணி லாட்டரி வாங்குகிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

கேள்வி: துவாந்தே பக்கம் குளத்து நடுவே இருக்கிற பாம்புப் பகோடாவுக்குப் பிள்ளைகளோடு போனோம். மலைப்பாம்புகள் ஜன்னலிலும் தரையிலும் அசையாமல் கிடக்கின்றன. பட்டினி போட்டிருக்கிறார்களோ என்று மகள் அழுகிறாள். (சௌதாகா)

பதில்: அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். மலைப்பாம்புக்கு ஒரு மாதம் சாப்பாடு இல்லையென்றால் அது விரதம்கூட இல்லை. இரை இல்லாத நாட்களில் அது தன் வயிற்றுக் கடையையே இழுத்து மூடிவிடும். இரைப்பையில் அமிலம் இருக்காது. குடல் சுருங்கிக் கிடக்கும். இதயமும் சின்னது.

விழுங்கிய பிறகு நடப்பதுதான் கூத்து. விஞ்ஞானிகள் இதற்கென்றே தேர்ந்தெடுத்த பாம்பு நம் பர்மா மலைப்பாம்பு. ஸ்டீபன் சீகர் என்பவர் 1990-களிலிருந்து இதன் பின்னாலேயே இருக்கிறார். பெரிய இரையை விழுங்கி இரண்டு நாளுக்குள் இதயம் 40 சதவீதம் வரை எடை கூடுகிறது. குடல் இரட்டிப்பாகிறது. உடம்பு எரிக்கிற சக்தி, சும்மா கிடக்கும்போது எரிப்பதைப் போல 40 மடங்குக்குப் போகிறது. அதாவது வெளியே கிடப்பதென்னவோ கட்டை மாதிரி, உள்ளே ஓடும் குதிரையின் வேலை. செரித்து முடிந்ததும் ஒவ்வொன்றும் பழைய அளவுக்குச் சுருங்குகிறது. கல்யாண வீட்டுப் பந்தல்தான். போட்டதும் தெரியாது, பிரித்ததும் தெரியாது. 2011-இல் கொலராடோவில் ஒரு குழு, சாப்பிட்ட பாம்பின் ரத்தத்தில் உயர்ந்த மூன்று கொழுப்பு அமிலங்களைக் கண்டுபிடித்து எலிக்குச் செலுத்தினார்கள். எலியின் இதயமும் ஆரோக்கியமாகவே பருத்தது. இதய நோய்க்கு இதில் ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் கூடத்தில் ஒரு மலைப்பாம்பு எலும்புக்கூட்டைக் கம்பியில் கோர்த்தது நான்தான். விலா எலும்பை எண்ணி முடிப்பதற்குள் கண் பூத்துவிட்டது. அவ்வளவு விலாவுக்கும் தசை இருக்கிறது. அதைத் தாய்ப்பாம்பு எதற்குப் பயன்படுத்துகிறது என்று சிரியம் அம்மாவும் கேட்டுக்கொள்ளட்டும். முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு உட்கார்ந்து, குளிரெடுத்தவள் மாதிரி உடம்பை விட்டு விட்டு உதறும். உதற உதறச் சூடு வரும். குளிர் ரத்தப் பிராணி என்று புத்தகத்தில் போட்ட பாம்பு அடைகாக்கிறது! நியூயார்க் விலங்குக் காட்சிச்சாலையில் ஒரு பர்மா மலைப்பாம்பை அளந்து 1966-இல் இதை நிரூபித்தார்கள். அந்த இரண்டு மாதமும் அவள் சாப்பிடுவதில்லை. மகளிடம் இதைச் சொல்லுங்கள், அழுகை நின்று வேறு கேள்வி வரும்.

கேள்வி: என் தாத்தா வெள்ளைக்காரன் காலத்து மரக் கம்பெனியில் கணக்கெழுதியவர். 'கன்று செத்தால் தாயைத் திட்டாதே, பாட்டி எங்கே என்று கேள்' என்று யானைப் பாகர்கள் சொல்வார்களாம். இதில் உண்மை உண்டா? (மோல்மேன்)

பதில்: உங்கள் தாத்தா காலத்துப் பாகர்களின் வாக்கு பதிவேட்டிலேயே ஏறிவிட்டது ஐயா. நம் நாட்டுத் தேக்குக் காட்டு யானை ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ஒரு புத்தகம். எப்போது பிறந்தது, தாய் யார், காட்டில் பிடித்ததா கூடாரத்தில் பிறந்ததா, எத்தனை கன்று, எப்போது என்ன நோய், எதனால் செத்தது, எல்லாம் அதில் ஏறும். பகலில் மரம் இழுத்துவிட்டு ராத்திரி காட்டில் மேயப் போகிற யானைகள் இவை. அதனால் பாதி காட்டு வாழ்க்கையும் கணக்கில் வந்துவிடுகிறது. நம் ஊர் யானை மருத்துவர் கைன் ஊ மார் அம்மையார் அந்தப் புத்தகங்களைப் புரட்டிச் சேர்த்தார். பின்லாந்தின் விர்ப்பி லும்மா குழுவினர் அவரோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள்.

2016-இல் வந்த முடிவு: 20 வயதுக்குக் குறைந்த இளந்தாயின் கன்று, பாட்டி அதே இடத்தில் இருந்தால் சாகிற ஆபத்து எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. வயதான, அனுபவம் உள்ள தாய்க்கு அந்த வித்தியாசம் இல்லை. பாட்டி பக்கத்தில் இருக்கிற மகள், அடுத்த கன்றையும் சுமார் ஒரு வருடம் முன்னதாகவே ஈனுகிறாள். நம் வீடுகளில் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்புகிறோமே, அதேதான். 20 மாதத்துக்கு மேல் சுமந்து பெற்ற ஒரே கன்றை முதல் முறை பார்க்கிறவளுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டாமா?

எனக்கு இதில் பிடித்தது வேறு. தினமும் சாயங்காலம் மழையில் உட்கார்ந்து 'இன்று கன்று ஈன்றது, பெண்' என்று எழுதிய யாரோ ஒரு குமாஸ்தாவுக்கு, அது அறுபது வருடம் கழித்து ஒரு கேள்விக்குப் பதிலாகும் என்று தெரிந்திருக்காது. உங்கள் தாத்தாவும் அப்படி எழுதியவர் போலிருக்கிறது. அவர் கையெழுத்து உங்களிடம் இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: திஞ்சான் புத்தாண்டு வந்தால் குயில் கூவுகிறாளே, ஜோடியைத் தேடியா? (பெகு)

பதில்: கூவுகிறான். 'கூ... ஊ' என்று ஏறிக்கொண்டே போவது கறுப்பு ஆண் குயில். பெண் பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்டவள், 'கிக் கிக்' என்பாள், கவிதைக்கு ஆகாது. அவள் கண் ரங்கூன் காக்கைக் கூட்டின் மேல்தான் இருக்கும். குயில் முட்டை காக்கை முட்டையைவிட இரண்டு மூன்று நாள் முன்னதாகவே பொரிந்துவிடும்.

கேள்வி: எனக்கு 14 வயது. பெகு யோமா அடிவாரத்தில் மாமா ஊர் ஓடையில் கண்ணாடி மாதிரி குட்டி மீன் பார்த்தேன். உள்ளே குடல் தெரிந்தது. அது பெரிய மீனின் குஞ்சா? பாட்டிலில் பிடித்து வரலாமா? (பெகு)

பதில்: தம்பி, உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். குஞ்சாகவும் இருக்கலாம். ஆனால் உன் மாமா ஊர் ஓடைகளில், வளர்ந்து முடிந்தே 12 மில்லிமீட்டர்தான் என்று ஒரு மீன் இருக்கிறது. டேனியோனெல்லா என்று பெயர். உன் சுண்டு விரல் நகத்தின் நீளம். கண்ணாடி உடம்பு. தலைக்கு மேல் மூடுகிற ஓட்டெலும்பே கிடையாது, அதனால் மூளையை வெளியிலிருந்தே பார்க்கலாம். முதுகெலும்பு உள்ள பிராணிகளிலேயே மிகச் சிறிய மூளை என்கிறார்கள். உயிரோடு இருக்கிற ஒரு பிராணி யோசிக்கும்போது மூளையில் எங்கே என்ன நடக்கிறது என்று அறுக்காமல் பார்க்க முடியுமென்றால் ஆய்வுக்கூடங்கள் விடுமா? பெர்லினிலும் அமெரிக்காவிலும் தொட்டி தொட்டியாக வளர்க்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், வளர்க்கிறவர்களுக்கே ரொம்ப நாள் மீனின் பெயர் தெரியாது. இந்தப் பகுதியிலிருந்து 1986-இல் விவரிக்கப்பட்ட டேனியோனெல்லா டிரான்ஸ்லூசிடா என்றே எண்ணிக்கொண்டிருந்தார்கள். எலும்பை உற்றுப் பார்த்தபோதுதான் அது வேறு இனம் என்று தெரிந்தது. 2021-இல் 'செரிப்ரம்', அதாவது மூளை என்றே பெயர் வைத்தார்கள். இதற்குக் கச்சின் பக்கம் ஒரு சொந்தக்காரன் இருக்கிறான். அந்த இனத்துக்குப் பல்லே கிடையாது. ஆனால் ஆணின் தாடை எலும்பு கோரைப்பல் மாதிரி நீண்டிருக்கும். டிராகுலா என்று பெயர்.

இன்னும் கேள். பெர்லினில் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நடந்தவர்களுக்கு ஏதோ சொடக்குச் சத்தம் கேட்டது. மோட்டாரோ, குழாயோ என்று நினைக்கலாம். மீன்தான். நீருக்குள் ஒலிவாங்கியையும் அதிவேகக் கேமராவையும் வைத்துப் பார்த்து 2024-இல் வெளியிட்டார்கள். மீனின் உடம்பு நீளத்துக்கு அந்தப் பக்கம் அளந்தால் சத்தம் 140 டெசிபெலைத் தாண்டுகிறது. ஆண் மட்டும்தான் கத்தும். வாயால் அல்ல. ஒரு விலா எலும்பைத் தசை இழுத்துக் குருத்தெலும்பை வளைத்துப் பிடிக்கும். விட்டதும் அது தெறித்துப் போய்க் காற்றுப்பையில் அடிக்கும். கவணில் ரப்பரை இழுத்து விடுகிறாயே, அதேதான், அடி வாங்குவது அதன் வயிற்றுக்குள் இருக்கிற மத்தளம். எதற்காக? கலங்கல் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாதபோது ஆண்கள் ஒருவரை ஒருவர் மிரட்டவோ கூப்பிடவோ இருக்கலாம் என்று எண்ணுகிறார்கள்.

பாட்டிலில் பிடித்துக் கொண்டு வராதே. அவ்வளவு சின்ன மீன் சைக்கிள் குலுக்கலில் வீடு வந்து சேராது. பதிலாக, மழை நின்று ஓடை தெளிந்ததும் ஒரு வாய் அகலமான கண்ணாடி ஜாடி எடுத்துக்கொண்டு போ. ஓடைத் தண்ணீரோடு நாலைந்தை அள்ளி நிழலில் வை. பத்து நிமிடம் யாரையும் பேச விடாதே. ஜாடியில் காதை ஒட்டி வைத்துக் கேள். பிறகு அதே இடத்தில் ஊற்றிவிடு. சொடக்கு கேட்டதா இல்லையா என்று எழுது, கேட்கவில்லை என்றாலும் எழுது. அப்படி வருகிற கடிதத்தை அடுத்த இதழில் முதலில் போடுகிறேன்.